ஆங்கில அகராதியில் நம்ம கணக்குப்பிள்ளை

திருமழிசைக்காரனான எனக்குத் தோப்பும் கணக்குப்பிள்ளையும் வீட்டுச் சொற்கள். அவற்றைப் பழைய ஆங்கிலமாகச் சந்திக்கும் இடம் ‘ஹாப்சன் ஜாப்சன்’. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த அகராதி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், அச்சான புத்தகத்தைப் பார்க்காமலே 1882-ல் காலமானார்.

‘கானிகோபொலி’ என்றொரு சொல். யாரென்று பார்த்தால் நம்ம கணக்குப்பிள்ளை! கணக்கு, பிள்ளை என்று பிரித்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ‘டோப்’ என்பது தோப்பு. வெள்ளைக்காரர்கள் எங்கும் சொன்ன இச்சொல் வடக்கத்திக்காரர்களுக்குத் தெரியவே தெரியாதாம். ‘கஞ்சி ஹவுஸ்’ பட்டாளத்துக் கொட்டடி. உள்ளே போனால் கஞ்சிதான், அதனால் அந்தப் பெயர். மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’யாகி, சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே ‘மல்’ என்ற பட்டப்பெயரைக் கொடுத்துவிட்டது.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தச் சொல் எந்த ஆண்டில், யார் எழுத்தில் வந்தது என்று மேற்கோள்களை வரிசையாக அடுக்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. ஒரு சொல்லுக்குப் பார்க்கப்போய் பத்துப் பக்கம் படித்துவிடுவோம். வில்லியம் குரூக் விரிவாக்கிய 1903-ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.