அச்சோ என்னுஞ் சொல்

சின்னாட்களுக்கு முன் வத்தலக்குண்டில் அன்பர் சிலர் கூடித் திருவாசகம் முற்றோதினர். நிறைவில் அச்சோப்பதிகத்திற்குப் பொருள் விரித்த அன்பர் ஒருவர், “அச்சோ என்பது இரக்கக் குறிப்பு, அடிகள் தாம் வீணே கழித்த நாளை எண்ணி இரங்குகின்றார்” என்றனர். கேட்டார் பலர் கண்ணீர் சொரிந்தனர். அவர்தம் அன்பு போற்றற்பாலது. கொண்ட பொருளோ கொள்ளற்பாலதன்று.

அவர் அங்ஙனங் கொண்டது இக்கால வழக்குப் பற்றி. இவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் குழந்தையொன்று இடறி வீழின், நிற்பார் வாயில் முதற்கண் எழுவது அச்சோ என்பதே. அப்பேருந்திலேறிக் கோடைக்கானல் மலைச்சாலையிற் செல்லுங்கால், 297 மீட்டர் உயரத்தினின்று வீழும் தலையாற்றருவி திடீரெனக் கண்ணிற்படின், அம்மாடி என்பாருளர். அச்சோ என்பாரை யாம் கேட்டிலேம். வியப்புப் பொருள் பேச்சில் தேய்ந்து, இரக்கமே எஞ்சியது. எஞ்சிய ஒன்றைக்கொண்டு பழஞ்செய்யுட்குப் பொருள் காண்டல் முறையாகாது.

அச்சோ இடைச்சொல்லாகலின், தான் நிற்குமிடத்திற்கேற்ப உணர்ச்சி புலப்படுத்தும். பெரியாழ்வார் திருமொழியில் அச்சோப் பருவம் உண்டு. குழந்தைக் கண்ணனைத் தழுவிக்கொள்ள அழைக்குமிடம் அது. ஆண்டு இரங்குதற்கு யாதுளது?

இனித் திருவாசகத்தை நோக்குவாம். பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும் அடிகளது பழைய புன்மையிற்றொடங்கும். அவ்வளவோடு நின்றிருப்பின் இரக்கமென்பதற்கு இடமுண்டு. இதனை யாமும் மறுக்கிலேம். ஆயின், பாட்டு ஆண்டு நிற்கவில்லை. இறைவன் வலிய ஆட்கொண்டமையைக் கூறி, இப்பேற்றை வேறு யாவர் பெறவல்லார் என்று வினவி, அவ்வினாவின் பின்னரன்றோ அச்சோ என முடிகின்றது? பெறற்கரியது பெற்றான் ஒருவன், பெற்ற அக்கணத்தே இரங்குவனோ?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வியப்பினை மருட்கையென்று பெயரிட்டு, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினும் பிறக்குமென்னும். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் கண்டு வியத்தல் என்பது உரையாசிரியர் கருத்து. அச்சோப்பதிகத்து முதற்பாட்டு, உள்ளத்து மலத்தை ஒழித்துத் தம்மைச் சிவமாக்கினான் என்று கூறும். சிவமாதலாவது உயிர் முதல்வனேயாதலன்று, சிவமாந்தன்மை எய்துதல் என்பது சித்தாந்தம். மலத்தோடு கிடந்தது அத்தன்மை எய்துதலினும் பெரியதோர் ஆக்கம் யாண்டுளது? பழையோர் இப்பதிகத்திற்கு ‘அனுபவ வழி அறியாமை’ எனக் கருத்துரைத்ததும் ஈண்டு நோக்கத்தகும். எய்திய நுகர்ச்சி எவ்வழி வந்ததென்று அறியாது திகைத்தலே அது. தம் முயற்சியால் வந்ததாயின் வந்தவழி தெரிந்திருக்கும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியென்று தள்ளற்க. திருவாசகம் ஐம்பத்தொரு பகுதிகளுள் இறுதியது இப்பதிகம். அச்சோவை இரக்கமெனின், அந்நூல் கழிந்ததற்கு வருந்தி முடியும். வியப்பெனின், அருளைக் கண்டு முடியும். ஓதுவாருட் சிலர் இச்சொல்லைத் தாழ்ந்த குரலில் அழுகைபோல் இழுத்து முடித்தலும் இம்மயக்கத்தால் வந்ததே.

மறுநாள் அவ்வன்பரைக் கண்டு இவற்றைக் கூறினேம். “அங்ஙனமாயின் நேற்றுச் சொரிந்த கண்ணீர் என்னாவது?” என்றார். “வியந்தார்க்கும் கண்ணீர் வருமன்றோ?” என்றேம். அவர் மறுமொழி கூறாது, நூலை விரித்து முதற்பாட்டை மீட்டும் ஓதலானார்.