டயோடுக்குள் ஒரு காந்தாரம்

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? முறுக்காணியைத் திருகி முடித்ததோடு அவர் வேலை தீராது. குதிரையின் மேல், தந்திக்கு அடியில் கிடக்கும் ஜீவா நூலை விரல் நுனியால் ஒரு மயிரிழை முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார். ஏதோ ஓரிடத்தில் தந்தி சட்டென்று ரீங்கரிக்கும். மந்தர ஷட்ஜத்துக்குள்ளிருந்து, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்கிறோமே, அதுதான். ஒரு துண்டுப் பருத்தி நூல் செய்கிற வேலை. மின்கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடலைப் பிரித்து 'மாட்', அதாவது உள்ளே திருத்தம், செய்கிறவர்களை நான் இந்த வரிசையில்தான் உட்கார வைப்பேன்.

ஐபனேஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியில் வந்தது டிஎஸ்808. 1982இல் வந்தது டிஎஸ்9. உள்ளே ஏறக்குறைய ஒரே சர்க்யூட். ஒலி வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள்தான் வேறு: முன்னதில் 100 ஓம், 10 கிலோ ஓம், பின்னதில் 470 ஓம், 100 கிலோ ஓம். இவற்றை மாற்றி, ஜேஆர்சி 4558 ஐ.சி.யைப் போட்டு, 'இனி இது 808' என்று சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மயக்கமில்லை. பெடலின் உயிர் அங்கே இல்லை. அடித்தட்டின் நான்கு திருகுகளைக் கழற்றி போர்டைப் புரட்டினால், ஐ.சி.க்குப் பக்கத்தில் அரிசிமணி அளவில் எதிரெதிர் திசை பார்த்து இரண்டு டயோடுகள் இருக்கும். அங்கேதான் இருக்கிறது.

அலை ஏறிவந்து சுமார் 0.6 வோல்ட்டைத் தொட்டதும் சிலிகான் டயோடு திறந்துகொள்ளும், முகடு மழுங்கிப்போகும். கிட்டார் தந்தி மீட்டிய கணத்தில் உரக்கப் பேசி, உடனே வடியத் தொடங்கிவிடுகிற ஜீவன். முகடு மழுங்கினால் முதல் அடிக்கும் வடியும் வாலுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் குறைகிறது. காதுக்குக் கார்வை நீள்கிறது. கமகத்துக்கு வேண்டியது இந்தக் கார்வைதான். ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு ஆல்பமே போட்டவர். சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது கப்பல் கட்டுமானப் பொறியியல் என்பதில், கப்பல் கட்டும் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டியூப் ஸ்க்ரீமரில் ஒரு குறை உண்டு. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்த 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைத்துவிடுகிறது. ராக் குழுவில் பேஸ் கிட்டாரோடு மோதாமல் இருக்க அது சரி. ஆலாபனையில் கீழ்த் தந்திக்கு இறங்கினால் குரல் மெலிந்துவிடும். அந்த இடத்தில் 0.1 போட்டால் எல்லை 340 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி, மந்தர ஸ்தாயிக்குச் சதை பிடிக்கும். ஆசைப்பட்டு 0.22 போட்டால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். 0.1இலேயே நிறுத்துவது நல்லது.

டயோடு விஷயம்தான் ருசி. இரு பக்கமும் ஒரே மாதிரி மழுங்கினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஓங்கும். மூன்றாவது, மேல் பஞ்சமம். ஐந்தாவது, அந்தர காந்தாரம். தம்புராவில் தானாக எழுகிற அதே காந்தாரம்! ஒரு பக்கத்தில் மட்டும் இன்னொரு டயோடைத் தொடராகச் சேர்த்தால் சமன் குலைந்து இரட்டைப்படை மேற்சுரங்களும் உள்ளே வரும். மேல் ஷட்ஜம் கூட நின்று பாடும், ஒலியின் முனை சற்று மழுங்கி இனிக்கும். பாஸ் நிறுவனம் 1981இல் எஸ்டி-1 பெடலில் இதைத்தான் செய்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டயோடு. கல்யாணியை இதில் வாசித்துப் பாருங்கள். தோடிக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண காந்தாரத்தை அசைக்கும்போது ஷட்ஜத் தந்தியும் சேர்ந்து அதிர்ந்தால், அதிலிருந்து கிளம்பும் அந்தர காந்தாரம் உரசும். தோடியை ஒற்றைத் தந்தியில், மற்றவற்றை உள்ளங்கையால் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

1966இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் கதை வேறு. இரண்டே ட்ரான்சிஸ்டர்கள், அதுவும் ஜெர்மேனியம். ஹென்ட்ரிக்ஸுக்காக ரோஜர் மேயர் திருத்திக் கொடுத்த பெடல்களின் வம்சம். ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. வெப்பம் ஏறஏறக் கசிவு மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. லண்டனில் பிறந்த சர்க்யூட், ஒரு பக்கம் வங்கக்கடலும் மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயுமாக இருக்கும் எங்கள் காட்டுப்பள்ளிக்கு வந்து மே மாத மதியத்தில் ஒலித்தால், தொண்டை அடைத்ததுபோல் திணறும். அதற்கும் ஒரு மாட் உண்டு. இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ட்ரிம் பாட் ஒன்றைப் பற்றவைத்து, மல்டிமீட்டரைக் கலெக்டரில் வைத்து 4.5 வோல்ட் பக்கம் கொண்டுவர வேண்டும். அது புறப்படும் இடம்தான். மிச்சத்தைக் காதால் திருகிக்கொள்ளலாம். கடற்காற்று எழுந்ததும் இன்னொரு முறை.

உப்புக்காற்று ஜாக்குகளையும் பாட்களையும் தின்னும். கான்டாக்ட் க்ளீனர் டப்பா ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பழைய ரேடியோக்களில் இருந்த ஏசி128 ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் சென்னை ரிச்சி தெருவில் கண்ணில் பட்டால் நான் விடுவதில்லை. வாங்கிய எல்லாம் தேறாது. கசிவை அளந்து கழிக்க வேண்டும். பிசி108 மாதிரி சிலிகான் போட்டால் வெயில் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஜெர்மேனியம் இரைச்சலை உதறிவிட்டுத் தெளிந்து பேசுவதுபோல் சிலிகான் பேசுவதில்லை. பாதி வால்யூமில் ஆலாபனையைத் தொடங்கி, தார ஸ்தாயிக்கு ஏறும்போது சுண்டு விரலால் முழுதும் திறந்துவிடுகிற வசதி அதில்தான் இருக்கிறது. அதற்காக வெயிலோடு மல்லுக்கட்டலாம்.