அதிரசப் பாகு

ஊருக்கெல்லாம் பட்டாசு செய்து அனுப்பும் தாயில்பட்டிக்கு, தீபாவளி வந்தால்தான் ஓய்வு. வருஷமெல்லாம் வேலையிடத்தில் நெருப்பை அண்டவிடாத கைகள் வீட்டில் அடுப்பை மூட்டுகின்றன. காரத்துக்குச் சாத்தூர் காராச்சேவு பக்கத்திலேயே கிடைக்கிறது. மெனக்கெட வேண்டியது அதிரசத்துக்குத்தான்.

ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார் மூத்த மதினி. விரலுக்குள் மெத்தென்று உருண்டால் பதம். கரைந்தால் இளம்பாகு, அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். முற்றினால் பல்லுக்குக் கேடு. சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கிளறிய மாவு இரண்டு நாளாவது இருக்கட்டும். அவசரக்காரர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சுட்டதை இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடிப்பது கொழுந்தன் வேலை. தீபாவளிக் காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொதிப்பதற்குள் பிள்ளைகள் பாதித் தூக்கைக் காலிசெய்துவிடுகிறார்கள்.