லேபிள் மேலேயே இருக்கட்டும்

நிழல் வைத்து, முனையை உருட்டி, பட்டனில் நிறம் ஓடவிட்டு வெப் ஃபார்மைச் சிங்காரிப்பவர்கள் சிங்காரிக்கட்டும். என் மனசுக்குப் பிடித்தது பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே ஃபார்ம்தான். இரண்டு பிக்சல் கறுப்புக் கோடு, மழுக்காத முனை, மேலே லேபிள், அதற்கடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரிக் குறிப்பு. கர்சர் உள்ளே போனதும் பெட்டியைச் சுற்றி ஒரு மஞ்சள் எழும் பாருங்கள், அதைப் பார்க்கவென்றே டேப் விசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிறந்த தேதிக்கு அங்கே காலண்டர் விரியாது. மூன்று பெட்டிகள், நாளுக்கும் மாதத்துக்கும் இரண்டு இலக்க அகலம், ஆண்டுக்கு நான்கு. எவ்வளவு எழுத வேண்டும் என்பதை அகலமே சொல்லிவிடும். 1958-இல் பிறந்தவரை மாதம் மாதமாகப் பின்னுக்கு நகர்த்தும் காலண்டர்களைச் செய்தவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் ஒருமுறை நிரப்பிக் கொடுத்ததுண்டா?

மிதக்கும் லேபிள்காரர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. பெட்டிக்குள் இருந்து, தட்டத் தொடங்கியதும் சுருங்கி மேலே ஏறும் அந்த லேபிள் 2013-இல் மாட் டி. ஸ்மித் வரைந்து காட்டியது; கூகிளின் மெட்டீரியல் டிசைன் ஊரெல்லாம் பரப்பியது. இடம் மிச்சமாகிறது, பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கலாம். ‘தந்தை அல்லது பாதுகாவலர் பெயர்’ என்பதைப் பெட்டிக்குள் திணித்து, பிறகு சுருக்கி மேலே ஏற்றினால் எறும்பு வரிசைதான் மிஞ்சும். லேபிளே இல்லாமல் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவர்கள் மனதில் இருப்பவர் கையில் போனோடு தனியாக அமர்ந்திருப்பவர். எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் ஃபார்ம் தனியாக நிரப்பும் சமாச்சாரமில்லை. உறுவையாற்றிலிருந்து வில்லியனூருக்கு வந்து, பிரவுசிங் சென்டரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருமானச் சான்றிதழுக்கோ பேத்தியின் சென்டாக் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்கோ ஒருவர் சொல்ல, அங்கிருக்கும் பெண் தட்டுவாள். “அடுத்து என்னம்மா?” “அப்பா பேரு சொல்லுங்க தாத்தா.” லேபிள் அங்கே வாய்விட்டுப் படிக்கப்படுவது. நடுவில் ஒரு போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினாலும் அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அவள் மவுஸைத் தொடமாட்டாள். டேப், டேப், டேப். கர்சர் நிற்கும் பெட்டியைக் காட்டும் கோட்டை அழிக்க சிஎஸ்எஸ்ஸில் ‘அவுட்லைன்: நன்’ என்று எழுதிய புண்ணியவான் அவள் கண்ணைக் கட்டிவிடுகிறான்.

இன்னொன்று, தமிழுக்கே உரியது. பக்கம் முழுக்க முக்த மலர் எழுத்துருவில் அழகாக இருக்கும். பெட்டிக்குள் மட்டும் வேறு எழுத்து முளைக்கும். இன்புட் பெட்டி பக்கத்தின் எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ என்ற ஒரே வரியில் தீர்கிற விஷயம். அதோடு உயரத்தைப் பிக்சலில் இறுக்கி, லைன்-ஹைட்டை ஆங்கில அளவில் விட்டால் ‘ணி’யின் கொக்கியும் ‘ஸ்ரீ’யின் அடியும் வெட்டுப்படும். நான் 1.6-க்குக் கீழே இறங்குவதில்லை.

பெயருக்கு ஒரே பெட்டி போதும் என்பதும் கவ்.யூகே வழிகாட்டுதல்தான். இனிஷியல்காரர்களான நம்மிடம் குடும்பப் பெயர் கேட்டு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். புதுச்சேரியில் இந்தக் கேள்வி பழையது: 1881 ஆணைப்படி பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு மாறியவர்கள் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள், அவர்களில் ஒருவரான பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனார். அவர்கள் விரும்பி ஏற்றது அது. இப்போது வெறும் கட்டாயம். ஒரு கல்லூரி ஃபார்மில் புள்ளி வைத்ததற்காக என் இனிஷியலே செல்லாது என்று சிவப்பில் வந்தது.

பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு 2011-இல் வந்தபோது எல்லாத் தளமும் ஒரே முகமாகிவிட்டது என்று குறைப்பட்டோம். அந்த ஒரே முகத்தில் குறைந்தபட்ச ஒழுங்கிருந்தது. அதற்குப் பின் நிறத்துக்காக பட்டியல் விரியும் அசல் செலக்டைத் தூக்கிவிட்டு டிவ்களால் பொம்மை செலக்ட் செய்தார்கள். பலவற்றில் கீபோர்டு நுழையாது. 2025-இல் குரோம் 135 அசல் செலக்டையே சிஎஸ்எஸ்ஸால் மாற்ற வழி திறந்துவிட்டது. இனிச் சாக்கில்லை.

கவ்.யூகே ஃபார்மின் நிரல் எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அவர்களின் மகுடச் சின்னத்தையும் எழுத்துருவையும் மட்டும் எடுக்கக் கூடாது. நமக்கு அவை தேவையுமில்லை. முக்த மலரும் இலவசம்தான்.