வயதின் பேரில் சந்தேகம்

கடந்த மாரியில் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் ‘எமது இளைய தலைமுறை எங்கே போகிறது?’ என்றொரு கருத்தரங்கு நடந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமலே போயிருந்தேன். பேச்சாளர்கள் நால்வர், நால்வரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். போதை, குழுச்சண்டை, கைத்தொலைபேசி, வெள்ளைக்காரப் பழக்கம் என்று இரண்டரை மணித்தியாலம் பேசினார்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்த மூன்று பிள்ளைகள்தான் அங்கிருந்த இளைய தலைமுறை. அவர்களைச் சாட்சியாகக்கூட அழைக்காமல் தீர்ப்பு வழங்கப்பட்டது.

இது அந்தக் கருத்தரங்கின் மீதான விமர்சனம் மட்டுமல்ல. எமது வானொலிகளிலும் கோவில் மண்டபங்களிலும், ஏன், எமது சிறுசஞ்சிகைகளிலும் இதே பேச்சுத்தான். இதன் அடியில் ஒரு கருதுகோள் இருக்கிறது: கட்டிளமைப் பருவம் தன்னளவிலேயே ஒரு நோய், பெற்றோரின் கடமை அதைக் கட்டுப்படுத்துவது. இக்கருதுகோள் எங்கிருந்து வந்தது, பிள்ளைகளை அது என்ன செய்கிறது என்பவையே என் கேள்விகள்.

பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இதைப் பேசுகிறோம். ஆனால் கருதுகோள் மேற்கினுடையது. 1904 இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் இரண்டு பெரும் தொகுதிகளில் எழுதிய நூல், இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமாக வர்ணித்தது. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் கல்வி உளவியல் வகுப்பில் நானும் இதைப் படிப்பித்தேன். கேள்வி கேட்காமல் படிப்பித்தேன். 1999 இல் ஜெப்ரி ஆர்னெற் அதுவரையான ஆய்வுகளைத் திரட்டி மீளாய்வு செய்தார். பெற்றோருடன் முரண்படுவதும், மனம் தளம்புவதும், ஆபத்தைத் தேடுவதும் இவ்வயதில் கூடலாம். ஆனால் எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை, பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகிறது என்பதே அவர் முடிவு.

‘வேறுபடுகிறது’ என்ற சொல்லில்தான் அரசியல் இருக்கிறது. சமூகவியலாளர் ரொபேர்ட் மேர்ட்டன் 1948 இல் ‘தன்னைத் தானே நிறைவேற்றும் எதிர்வுகூறல்’ பற்றி எழுதினார். நல்ல நிலையில் உள்ள ஒரு வங்கி முறியப் போகிறது என்று வதந்தி பரவுகிறது, எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கிறார்கள், வங்கி முறிகிறது. பிறகு வதந்தியைப் பரப்பியவன் ‘நான் சொன்னேனே’ என்கிறான். எமது கருத்தரங்குப் பேச்சாளர்களின் இடம் அதுதான்.

இது வெறும் உவமை அல்ல. கிறிஸ்ரி புக்கானன், ஜோனா ஹியூஸ் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதில் நுழையும் பிள்ளைகளிடமும் தாய்மாரிடமும் வரப்போகும் ஆண்டுகள் பற்றிய எதிர்பார்ப்புகளைக் கேட்டார்கள். கட்டுமீறலையும் ஆபத்தான நடத்தையையும் எதிர்பார்த்த இடத்தில், ஒரு வருடத்தின் பின் அவையே கூடுதலாகக் காணப்பட்டன. மறுதிசையில், 2020 இல் யாங் சூ, ஈவா பொமரன்ஸ் குழுவினர் சீனாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சிறு பரிசோதனை செய்தார்கள். பதின்வயதினர் பொறுப்பற்றவர்கள் என்ற பிம்பத்தை மறுக்கும் உதாரணங்களைத் தந்து, தாங்கள் கண்டவற்றையும் எழுதச் செய்தார்கள். அம்மாணவர்கள் படிப்பில் கூடிய ஈடுபாடு காட்டினார்கள். எதிர்பார்ப்பு என்பது வளரும் பிள்ளை மூச்சுவிடும் காற்றின் ஒரு பகுதி.

இக்காற்றை அரசும் நஞ்சாக்கும். ஒன்ராறியோவில் 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம் வந்தது. குறித்த சில குற்றங்களுக்குக் கட்டாய இடைநிறுத்தம், கட்டாய வெளியேற்றம். எம்மவர் பலர் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் சுமை நிற இனத்தவர் பிள்ளைகள் மீதும் உடல், உள இயலாமை உள்ள பிள்ளைகள் மீதும் கூடுதலாக விழுவதாக மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு கவலை எழுப்பியது. 2007 இல் சட்டம் திருத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே நின்ற பிள்ளைகளின் இழந்த வருடங்களைத் திருத்தம் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாம் கைதட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. 1985 இல் எனக்குப் பதினேழு வயது. அப்போது வடக்குக் கிழக்கில் தமிழ்ப் பெடியனாக இருப்பதற்கு வேறு குற்றம் தேவைப்படவில்லை. சுற்றிவளைப்பில் கிழவர்களை ஒரு பக்கம் விட்டு எங்களை லொறியில் ஏற்றினார்கள். பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எத்தனையோ பேர் எந்த இயக்கத்துடனும் தொடர்பில்லாமல் போனவர்கள். தொடர்போடு வெளியே வந்தவர்களும் உண்டு. சந்தேகமே ஆட்சேர்ப்பைச் செய்தது. இவ்விதழின் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படி வந்த நான் இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டு வாசலில் ஒரு சோதனைச் சாவடி வைத்தேன். பதினைந்து வயது மகன் இரவு பத்தரைக்கு வந்தான். பையை வாங்கிக் கொட்டினேன். “எங்க போனனீ? ஆரோட? ஏன் இவ்வளவு நேரம்?” ஆமிக்காரன் என்னிடம் கேட்ட அதே கேள்விகள், அதே ஒழுங்கில். அவன் அழவுமில்லை, கத்தவுமில்லை. “அப்பா, நான் சொன்னா நம்புவீங்களா? நம்பமாட்டீங்களெண்டா ஏன் கேக்கிறீங்கள்?” என்றான். அவன் எங்கே போயிருந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு பல மாதங்கள் எதையுமே அவன் என்னிடம் சொல்லவில்லை. மறைக்கிற பிள்ளை என்று நான் நினைத்தேன்; மறைக்கிற பிள்ளையை நான்தான் ஆக்கினேன்.

பெண்பிள்ளைகளின் நிலை இதிலும் மோசம். ஆயிரக்கணக்கான டொலர் செலவழித்து, மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். அடுத்த கிழமையிலிருந்து அவளுடைய கைத்தொலைபேசியைத் தடவுகிறோம். பையன் ‘கெட்டுப்போவான்’ என்கிறோம். அவளோ குடும்ப மானத்தையும் சேர்த்துக் கெடுப்பாள் என்கிறோம்.

தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் குழுச்சண்டைகள் நடந்தன, உயிர்கள் போயின, அது பிம்பமா என்று கேட்பீர்கள். இல்லை. அதை மூடிமறைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அவ்வன்முறைக்கு முகம்கொடுத்து 1998 இல் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கியவர்கள் மேடைப் பெரியவர்கள் அல்லர், இளைஞர்களே. சுட்டவனை முழுத் தலைமுறையின் பிரதிநிதியாக்கிய நாங்கள், இவர்களை ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கினோம். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்ததற்குக் கண்டிப்பது வேறு. வயதுக்காகச் சந்தேகிப்பது வேறு.

அடுத்த கருத்தரங்கும் வரும். தேத்தண்ணியைப் பெரியவர்கள் ஊற்றட்டும். மேடையில் பதினாறு வயதுக்காரர்கள் இருக்கட்டும். இவ்விதழுக்கும் அதையே சொல்கிறேன். இக்கட்டுரைக்கு அந்த வயதில் ஒருவர் மறுப்பு எழுதினால், ஆங்கிலத்தில் எழுதினாலும், மொழிபெயர்த்துத் தர நான் தயார். வேலை இரவில்தான், பகலில் நேரம் இருக்கிறது.