ஊரின் பெயர், நிலையத்தின் கதை: 'புக்கிட் கெப்போங்' திரைப்படம் குறித்து

ஜின்ஸ் சம்சுடின் இயக்கி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'புக்கிட் கெப்போங்' மலாய்த் திரைப்படம் என்பதால், அது நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது என ஒதுக்கிவிடுவது பொருந்தாது. ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரும் அப்படம் பேசும் அவசரகாலத்தைக் கடந்து வந்தவர்களே.

மூவார் பட்டணத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மூவார் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் புக்கிட் கெப்போங். அங்கிருந்த பலகைக் காவல் நிலையத்தை 1950 பிப்ரவரி 23 விடியற்காலையில் ஏறத்தாழ 200 கம்யூனிஸ்டுப் போராளிகள் சூழ்ந்துகொண்டனர். உள்ளே சார்ஜன் ஜமில் தலைமையில் ஏறத்தாழ 25 காவலர்களும், அருகிலேயே அவர்தம் மனைவி மக்களும் இருந்தனர். காவலர்கள் சரணடைய மறுத்தனர். சில மணி நேரப் போருக்குப் பின் நிலையம் தீக்கிரையாயிற்று. கணவர் வீழ்ந்தபின் துப்பாக்கி ஏந்திய மனைவியரும் மாண்டோருள் அடங்குவர்.

சார்ஜனாக இயக்குநரே நடித்துள்ளார். காவலர்களின் குடும்ப வாழ்வைக் காட்டும் பகுதிகளே படத்தின் வலிமை என்பது எம் கருத்து. அவர்களை வெறும் சீருடைகளாகக் காணாமல் கணவராகவும் தந்தையராகவும் கண்டபின்னரே போர்க்காட்சியைக் காண்கிறோம். ஆதலின் அவ்விழப்பு நம்மையும் தாக்குகிறது. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் படத்தை முழுமையாகப் பார்க்காதவரே.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. தலைப்பு ஊரின் பெயர், கதையோ நிலையத்தினுடையது. வகுப்பில் இப்படத்தைத் திரையிட்டபோது, மாணவி ஒருவர், "ஊர் மக்கள் அன்றிரவு என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" எனக் கேட்டார். ஊர்த்தலைவர் ஒருவர் ஆள் திரட்டி உதவிக்கு வர முயன்றது வரலாற்றில் உண்டு. ஆனால் வயலிலும் ஆற்றிலும் உழைத்த ஏனைய மக்கள் என்ன எண்ணினர், யாருக்கு அஞ்சினர் என்பதற்குப் படத்தில் நிறைவான விடை இல்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மாட் இந்திராவும் ஜொகூர் மலாய்க்காரரே. அவரைப் போன்றோர் ஏன் காடு புகுந்தனர் என்ற வினாவுக்குள்ளும் படம் நுழையவில்லை.

இதற்குக் காலமும் ஒரு காரணம். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பரில்தான் ஆயுதத்தைக் கைவிட்டது. 1981இல் அவ்வினாவை எழுப்புவது எளிதன்று. ஆனால் அதன் பின்னும் எளிதாகவில்லை. சின் பெங் பற்றிய அமிர் முகமட்டின் ஆவணப்படம் 2006இல் தடை செய்யப்பட்டது. 1953இல் தூக்கிலிடப்பட்ட மாட் இந்திராவை வீரர் எனப் பாஸ் கட்சியின் அன்றைய துணைத் தலைவர் முகமட் சாபு 2011 ஆகஸ்டில் பேசியபோது நாடே கொதித்தது. அவர்மீது வழக்கும் தொடுக்கப்பட்டது. அன்று வாதிட்டோர் பலரின் மனத்தில் இருந்த புக்கிட் கெப்போங், ஆவணங்கள் காட்டியதன்று, இப்படம் காட்டியதே என நாம் கருதுகிறோம்.

காட்டுக்கு அரிசி கொடுத்தால் சிறை, கொடுக்க மறுத்தால் சாவு என்பதே அக்காலத்துச் சிற்றூர்களின் நிலை. தோட்டப்புறத் தமிழருக்கும் இது பொருந்தும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்ட செய்தி தோட்டங்களில் பரப்பிய அச்சத்தையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

வினா எழுப்பிய மாணவியின் பாட்டி சிகாமட் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். பகலில் காவலர் வந்து கேட்டாலும் இரவில் காட்டிலிருந்து வந்தவர் கேட்டாலும் அவர் வீட்டார் ஒரே விடையைத்தான் சொல்வார்களாம்: "எங்களுக்கு ஒன்றும் தெரியாதுங்க." அவ்விடையைச் சொல்லும் பாத்திரம் எதுவும் இப்படத்திலிருந்து நம் நினைவில் நிற்கவில்லை.