சார்லஸ் கில்பின்: வசனத்தை மாற்றிய நடிகர்

நாடகம் யாருடையது? எழுதியவருடையதா, நடிப்பவருடையதா? இது டீக்கடை விவாதம் மாதிரி முடிவே இல்லாமல் போகும் கேள்வி. ஆனால் சார்லஸ் கில்பின் விஷயத்தில் இது வெறும் விவாதமாக நிற்கவில்லை. அவர் நடிப்பு வாழ்க்கையே இதில் சிக்கிக்கொண்டது.

யூஜின் ஓநீல் எழுதிய 'தி எம்பரர் ஜோன்ஸ்' நாடகம் பற்றிப் பேசினால் எல்லோரும் பால் ராப்சனைத்தான் சொல்வார்கள். காரணம் எளிது. 1933இல் வந்த திரைப்படத்தில் நடித்தவர் அவர். ஆனால் 1920இல் அந்தப் பாத்திரத்தை முதன்முதலில் மேடையில் நிறுத்தியவர் கில்பின். அவர் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வருகிறது. அந்த அடிக்குறிப்பிலும், ஓநீலோடு சண்டை போட்டார், குடித்தார், வாய்ப்பு போனது என்று மூன்று வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று நிதானமாகப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. கில்பின் 1878இல் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் பிறந்தவர். பாட்டுக் குழுக்கள், ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் குழுக்கள், வில்லியம்ஸ் - வாக்கர் கம்பெனி, சிகாகோவின் பெக்கின் தியேட்டர் என்று சுற்றியிருக்கிறார். மேடை கிடைக்காத நாட்களில் அச்சகத்தில் வேலை, ரயிலில் போர்ட்டர் வேலை. பிறகு நியூயார்க் ஹார்லெமில் லாஃபாயெட் தியேட்டர். அங்கே 'தி ஆக்டரூன்' என்ற பழைய நாடகத்தில் மெக்ளாஸ்கி என்கிற வெள்ளைக்கார வில்லனாக, முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். வெள்ளை நடிகர்கள் கார்க்கை எரித்து முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக நடிப்பது சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. ஹார்லெமில் அது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

1919இல் 'ஆபிரகாம் லிங்கன்' நாடகத்தில் ஒரு சின்னப் பாத்திரம் மூலம் பிராட்வேக்கு வந்தார். அடுத்த வருடம் எம்பரர் ஜோன்ஸ். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் மேடையில் ஊறிய ஆள். 'திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டார்' என்று சிலர் எழுதுவது சரியில்லை. கண்டுபிடிக்காமல் இருந்தது பிராட்வேயின் குறை.

நாடகத்தின் கதை இதுதான். புரூட்டஸ் ஜோன்ஸ் முன்பு ரயிலில் போர்ட்டர், பிறகு சிறையிலிருந்து தப்பிய கைதி. கரீபியன் தீவு ஒன்றுக்கு வந்து, வெள்ளித் தோட்டா ஒன்றுதான் தன்னைக் கொல்லும் என்று தீவு மக்களை நம்பவைத்து, பேரரசனாகிவிடுகிறான். மக்கள் கிளர்ந்தெழும்போது காட்டுக்குள் ஓடுகிறான். மொத்தம் எட்டு காட்சிகள். நடுவில் ஆறு காட்சிகளில் கிட்டத்தட்ட அவன் ஒருவன்தான் பேசுகிறான். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு மாயத்தோற்றம், தோட்டாக்களும் தீர்ந்துகொண்டே போகின்றன. பின்னணியில் முரசு நிமிடத்துக்கு 72 அடி, அதாவது சாதாரண நாடித்துடிப்பின் வேகத்தில் ஆரம்பித்து, நாடகம் முடியும்வரை நிற்காமல் வேகம் கூடிக்கொண்டே போகிறது. பளபளக்கும் பட்டன் வைத்த ராஜ உடை கிழிந்து கிழிந்து கடைசியில் இடுப்புத் துணிதான் மிச்சம்.

நடிகனுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் பேச ஆள் கிடையாது. முரசோடு போட்டி போட வேண்டும், ஆனால் முரசுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடக் கூடாது. கிரீன்விச் வில்லேஜில் மக்டூகல் தெருவில் பிராவின்ஸ்டவுன் பிளேயர்ஸ் குழுவின் சின்ன அரங்கில் 1920 நவம்பர் 1 அன்று தொடங்கிய நாடகம், கூட்டம் தாங்காமல் பிராட்வேக்குப் போய், மொத்தம் 204 காட்சிகள் ஓடியது. அதன்பிறகு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம்.

1921இல் நியூயார்க் டிராமா லீக், அந்த வருடம் அமெரிக்க நாடகத்துக்கு அதிகம் பங்களித்த பத்துப் பேரில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. கறுப்பர் ஒருவரை விருந்துக்கு அழைப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது, கௌரவிக்கப்படவிருந்த மற்ற கலைஞர்களைத் திரட்டி கில்பினுக்காக நின்றவர்களில் முக்கியமானவர் ஓநீல். இதை மறக்கக் கூடாது. அடுத்து வருவதை ஒரு நல்லவன், ஒரு கெட்டவன் கதையாகப் படிக்க முடியாமல் செய்வது இதுதான்.

ஓநீலின் வசனத்தில் கறுப்பர்களை இழிவுபடுத்தும், ஆங்கிலத்தில் 'என்' எழுத்தில் தொடங்கும் அந்த வசைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கில்பின் காட்சிகள் போகப் போக அதைச் சொல்வதை விட்டுவிட்டு, 'நீக்ரோ' போன்ற, அன்றைக்குக் கௌரவமாகக் கருதப்பட்ட சொற்களைப் போட்டுப் பேச ஆரம்பித்தார். ஓநீலுக்குக் கடும் கோபம். வசனத்தில் மறுபடி கை வைத்தால் அடிப்பேன் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். இந்தப் பாத்திரம் நான் உருவாக்கியது, அவர் எழுதினார், அவ்வளவுதான் என்கிற தோரணையில் கில்பின் பேசியதாகவும் சொல்வார்கள்.

ஓநீல் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அந்தச் சொல்லை நாடகத்தில் அதிகம் பயன்படுத்துவது ஜோன்ஸ்தான், அதுவும் தீவு மக்களைப் பார்த்து. வெள்ளைக்காரர்களிடமிருந்து கற்ற இளக்காரத்தைத் தன் இனத்தின் மீதே திருப்புகிறான் அவன். முதல் காட்சியில் ஸ்மிதர்ஸ் என்கிற வெள்ளை வியாபாரியிடம் தனக்கு மரியாதை கேட்டு அதட்டுகிறான், அதே மூச்சில் தன் குடிமக்களை இழிவாகப் பேசுகிறான். இந்த முரண்தான் பாத்திரத்தின் முதுகெலும்பு. சொல்லை எடுத்துவிட்டால் முரண் மழுங்கும். காகிதத்தில் படித்தால் இந்த வாதம் சரியாகவே நிற்கும்.

ஆனால் ஓநீலின் கோபத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய அப்பா ஜேம்ஸ் ஓநீல் பெரிய நடிகர். 'மாண்டி கிறிஸ்டோ' நாடகத்தின் உரிமையையே விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான தடவை அதையே நடித்தவர். அந்தத் தலைமுறையில் நாடகம் என்பது நட்சத்திர நடிகரின் சொத்து. அவர் வெட்டுவார், ஒட்டுவார், எழுதியவரை யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நாடக உலகத்தை உடைக்கத்தான் மகன் எழுத வந்தார். அப்பா இறந்தது 1920 ஆகஸ்ட் மாதம். மூன்று மாதத்துக்குள் எம்பரர் ஜோன்ஸ் மேடையேறியது. அந்த நேரத்தில் ஒரு நடிகர் வசனத்தில் கைவைத்தால் மகனுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்?

இப்போது கில்பின் பக்கம் வந்து நில்லுங்கள். ஜேம்ஸ் ஓநீல் மாதிரி வெள்ளை நட்சத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த ஒரு சலுகை. முதல் தடவையாக ஒரு கறுப்பு நடிகர் அந்த உயரத்துக்கு ஏறி வருகிறார். அவர் கைநீட்டும் நேரத்தில், சலுகை காலாவதியாகிவிட்டது, இனிமேல் பிரதிதான் புனிதம் என்கிறார்கள். விதி மாறியதில் தப்பில்லை, காலம் மாறும்போது விதியும் மாறும். ஆனால் புது விதியின் முழுச் சுமையும் யார் தலையில் விழுந்தது என்று கேட்காமல் விட முடியாது.

இன்னொன்று. முரண்நகை என்பது வாசகனுக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஓய்வு. அவன் நிறுத்தி, யோசித்து, ஓ இதற்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அரங்கில் அப்படி இல்லை. பெரும்பாலும் வெள்ளையர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு கறுப்பு மனிதர் தன் சொந்த வாயால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அதைக் கேட்டு எந்த வரிசையில் யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது, மேடையில் நிற்பவருக்குத் தெரியும். எங்கள் மென்பொருள் தொழிலில் ஒரு பழக்கமான நிலைமை இது: ஸ்பெக் எழுதியவர் காகிதத்தில் எல்லாம் சரி என்பார், லைவ் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். கில்பின் செய்தது ஒழுங்கீனம் இல்லை. அந்த நாடகத்தின் மீது எழுந்த முதல் கூர்மையான விமர்சனங்களில் ஒன்று. எழுத்தில் வராமல் மேடையில் வந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திருத்தம் நாடகத்தைச் சரிசெய்ததா என்றால், இல்லை. நாடகத்தின் பெரிய சிக்கல் அந்தச் சொல்லில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஜோன்ஸின் மாயத்தோற்றங்கள் அவன் செய்த கொலைகளில் ஆரம்பித்து, அடிமை ஏலம், அடிமைக் கப்பல் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் காங்கோ மந்திரவாதியிடமும் முதலையிடமும் வந்து நிற்கின்றன. கறுப்பு மனிதனின் கோட்டைக் கழற்றினால் உள்ளே காடுதான் இருக்கும் என்கிற பழைய எண்ணம் இதன் அடியில் ஓடுகிறது. ஏலமும் கப்பலும் வரலாறு, நியாயமான காயங்கள். காங்கோ காட்சி வெறும் கற்பனை பயம். இதை எந்த நடிகராலும் சொல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. கில்பினால் எது முடியுமோ அதைச் செய்தார்.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1924இல் நியூயார்க்கில் நாடகம் மறுபடி மேடையேறியபோது ராப்சன் நடித்தார், 1925இல் லண்டனிலும் அவரே. இதில் ராப்சனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கில்பின் 1926இல் மறுபடி அந்தப் பாத்திரத்தை நியூயார்க்கில் நடித்தார். பிறகு உடல்நலம் கெட்டது. 1930இல், 51 வயதில், நியூ ஜெர்சியில் இறந்துபோனார். குடிதான் காரணம் என்று சுருக்கிச் சொல்பவர்கள், உச்சத்தைத் தொட்ட ஒரு நடிகருக்கு அடுத்து நடிக்க அந்த நாட்டில் வேறு என்ன பாத்திரம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பல வருடம் கழித்து, 1946இல், ஓநீல் ஒரு பேட்டியில் தன் மனதில் இருந்த பாத்திரத்தை முழுமையாக மேடையில் கொண்டுவந்த ஒரே நடிகர் என்று கில்பினைச் சொல்லியிருக்கிறார். இது வெறும் பாராட்டு இல்லை, ஒரு ஒப்புதலும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது. வசனத்தை மாற்றிய ஆள்தான் பாத்திரத்தை முழுமையாகக் கொண்டுவந்தார் என்றால், பாத்திரம் அந்த வசனத்துக்குள் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

இன்று புத்தகமாகக் கிடைப்பது ஓநீலின் பிரதி, அந்தச் சொல்லோடு. கில்பின் பேசிய பிரதியை யாரும் அச்சடிக்கவில்லை. அவர் நடித்த ஒரு திரைப்படம் மிஞ்சியிருக்கிறது, 1926இல் வந்த 'டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்'. குடியால் சீரழிந்து மீளும் ஒருவனாக நடித்திருக்கிறார். முகத்தைப் பார்க்கலாம், தோள்களின் அசைவைப் பார்க்கலாம். ஆனால் அது மௌனப்படம். எந்தச் சொல்லைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று போராடிய மனிதரின் குரல் அதில் கிடையாது.